இரண்டு யூரோவா, பன்னிரண்டு யூரோவா: ரெயூனியனில் ஒரு சமையல்காரத் தம்பி பிரெஞ்சு பழகிய கதை

இது ஒரு சாப்பாட்டு வண்டியில் ஆரம்பித்தது. இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸைச் சேர்ந்த ரெயூனியன் தீவில் தெருவோரம் நிற்கிற அந்த வண்டிக்குக் 'கமியோன் பார்' என்று பெயர், மத்தியானம் ஆனால் முன்னால் வரிசை நிற்கும், 'பார்கெத்' என்கிற மூடி போட்ட டப்பாவில் சோறும் கறியும் பருப்பும் ஓரத்தில் கொஞ்சம் 'ருகாய்'யும் வைத்துக் கொடுப்பார்கள். ருகாய் என்பது வேறொன்றுமில்லை, நம்ம ஊறுகாய் கடல் தாண்டி வந்து உருமாறியது என்பார்கள். வண்டியில் சமையல் பார்க்கிற தம்பிக்கு அன்றைக்குக் கல்லாவும் சேர்ந்துவிட்டது. ஒரு பாட்டி கோழிக்கறி பார்கெத் இரண்டு வாங்கினார். ஒன்று 6 யூரோ, ஆக 12. தம்பி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு 'தெ-ஸெரோ' என்றார். பாட்டி இரண்டு யூரோ நாணயம் ஒன்றை வைத்துவிட்டு டப்பாக்களைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு யூரோ என்றால் 'தூ-ஸெரோ'. தம்பி சொன்னது இரண்டு யூரோ. வித்தியாசம் ஒரே ஒரு உயிரெழுத்துதான், அதற்கு விலை பத்து யூரோ. பாட்டி நல்லவர், விஷயம் புரிந்ததும் மிச்சத்தைக் கொடுத்துவிட்டார், ஆனால் வரிசையில் நின்றவர்கள் சிரித்ததுதான் தம்பிக்குத் தாங்கவில்லை. அன்று ராத்திரியே என் வீட்டுக்கு வந்து, "அக்கா, ஒன்றரை வருஷமா படிக்கிறேன், ரெண்டுக்கும் பன்னெண்டுக்கும் வித்தியாசம் வரலைன்னா நான் என்னத்தைப் படிச்சேன்?" என்று கேட்டார்.

அதன் பிறகு ஏழு மாதம் வாரத்தில் இரண்டு சாயங்காலம் என் சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். என்ன தப்பு வந்தது, ஏன் வந்தது, எது சரியானது, எது இன்னமும் சரியாகவில்லை என்று நான் எழுதி வைத்த நோட்டிலிருந்துதான் இதைச் சொல்கிறேன். பிரெஞ்சு கற்கிற தமிழர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒருத்தரிடமே இருந்தன.

ஆள் யார்

வயது 34. நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். மனைவி காரைக்கால் குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், அந்த வழியில்தான் இங்கே வந்து சேர்ந்தார். மனைவி பிரெஞ்சில் வெளுத்து வாங்குவார், ஆனால் புருஷனுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் சண்டை வந்துவிடும், அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. தம்பிக்கு டெல்ஃப் ஏ2 தேர்வு எழுத வேண்டியிருந்தது. டெல்ஃப் என்பது பிரான்ஸ் அரசின் பிரெஞ்சு மொழித் தேர்வு, அதில் ஏ2 இரண்டாவது படி, பி1, பி2 அதற்கு மேலே. 2024 ஜனவரியில் வந்த குடியேற்றச் சட்டப்படி 2026 ஜனவரி 1 முதல் பல வருஷ அனுமதி அட்டைக்கு ஏ2, பத்து வருஷ அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று தரம் ஏறிவிட்டது, ஆகவே விளையாட்டில்லை.

ஊரில் ஆங்கிலப் புத்தகம் ஒன்று, பிறகு ஆங்கிலம் வழியாகக் கற்றுத் தரும் செயலி ஒன்று, இங்கே வந்தபின் சில மாதம் ஒரு மாலை வகுப்பு. அந்த வகுப்பிலும் புரியாத இடங்களை ஆங்கிலத்தில்தான் விளக்கியிருக்கிறார்கள். புரியாதபோது தமிழ் எழுத்தில் உச்சரிப்பைக் குறித்துக்கொள்வார். நோட்டு முழுக்க அப்படித்தான்.

முதல் நாள் நான் செய்தது ஒன்றே ஒன்று. போனில் பதிவைப் போட்டுவிட்டு, பத்து நிமிஷம் உன் வேலையைப் பற்றிப் பேசு என்றேன். அப்புறம் அந்தப் பதிவை மூன்று தடவை கேட்டேன்.

எழுத்து செய்த குழப்பம்

தம்பியின் நோட்டில் மீனுக்குப் 'புவாஸோன்', பானத்துக்கும் 'புவாஸோன்', விஷத்துக்கும் 'புவாஸோன்'. நான் இங்கே எழுதினாலும் அப்படித்தான் வரும், வேறு வழியில்லை. முதலாவதில் ப என்பது 'பல்'லில் வருவது, இரண்டாவதில் 'பஸ்'ஸில் வருவது, மூன்றாவதில் நடுவில் உள்ள ஸ வண்டு மாதிரி அதிர வேண்டும். தமிழ் எழுத்துக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். சாப்பாட்டு வண்டியில் வேலை பார்க்கிறவருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தம்பியின் வாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று நினைத்தால் அதுதான் தப்பு. 'பஸ் வருது, பல் வலிக்குது' என்று சொல்லச் சொன்னேன், இரண்டு ப-வும் இரண்டு மாதிரி வந்தன. தோசைக்கும் தண்ணீருக்கும் அப்படியே. வாய்க்குத் தெரிந்தது நோட்டில் இல்லை, நோட்டில் இல்லாததால் பிரெஞ்சு பேசும்போது வாயிலும் இல்லை. அன்றைக்கே நோட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். கொஞ்சம் கொடூரம்தான், ஒன்றரை வருஷ உழைப்பு அது. இனிமேல் உச்சரிப்பைத் தமிழில் எழுதக்கூடாது, போனில் பதிவு செய்துதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆங்கிலம் செய்த குழப்பம் வேறு மாதிரி. நீ என்பதற்குப் பிரெஞ்சில் வரும் சொல்லைத் தம்பி 'டூ' என்று சொல்லிக்கொண்டிருந்தார், மேஜையை 'டேபிள்' என்று. பிரெஞ்சின் த-வும் தண்ணீரின் த-வும் ஒரே இடத்தில், பல்லுக்குப் பின்னால் நாக்கு தொடுகிற இடத்தில் பிறக்கின்றன. வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் பழகுகிற ஒலி நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது, அதை விட்டுவிட்டு ஆங்கிலம் வழியாகப் போய் ட-வை வாங்கிக்கொண்டு வருகிறோம். க, ப விஷயத்திலும் அப்படித்தான், ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் புஸ்ஸென்று காற்று வெளியே வரும், பிரெஞ்சில் வராது, தமிழிலும் வராது. "தமிழ் த-வைப் போடு, அவ்வளவுதான்" என்றேன். ஒரே சாயங்காலத்தில் தம்பியின் பிரெஞ்சு பாதி பிரெஞ்சாகிவிட்டது, எனக்கே ஆச்சரியம்.

ரசம் சொன்ன பாடம்

மூக்கொலி உயிர்கள்தான் எல்லாரும் பயப்படுகிற இடம். திராட்சை மது 'வேன்', காற்று 'வான்', போகிறார்கள் 'வோன்', இவற்றில் எதிலும் கடைசியில் நாக்கு மேலே தொடக்கூடாது, ஒலி மூக்கில் முடிய வேண்டும். தம்பி மூன்றிலும் நாக்கைத் தொட்டு ன் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் என்ன சொல்லியும் பயனில்லாமல் ஒரு நாள் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தீவில் அடிமை முறை 1848 டிசம்பரில் ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு நம்ம ஆட்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டு வந்தார்கள், அவர்கள் வாரிசுகளைத்தான் இங்கே 'மல்பார்' என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் போய்விட்டது, சமையலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறிவேப்பிலைக்குக் 'கலுபிலே', கொத்தமல்லிக்குக் 'கொத்தொமிலி', பீர்க்கங்காய்க்குப் 'பிபங்காய்'. ரசத்துக்கு? 'ரஸ்ஸோன்'. கடைசி ஓசை அச்சு அசலாக 'வோன்' என்பதன் கடைசி ஓசை, பிரெஞ்சு எழுத்திலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

தம்பியிடம் கேட்டேன், "வீட்டுல ரசம்னு சொல்லும்போது கடைசியில உதட்டை மூடுவீங்களா?" இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மூடவில்லை. யாரும் மூடுவதில்லை. மேடையில் பேசுகிறவர்கள் மூடுவார்கள், அடுப்படியில் நிற்கிறவர்கள் 'ரசம்' என்னும்போது மூக்கில் ஒரு ஓகாரத்தோடு முடித்துவிடுவார்கள். மரம், பணம், படம் எல்லாம் அப்படியே. 'அவன்' என்று பேச்சில் சொல்லும்போது முடிவில் வருகிற ஏகார மூக்கொலி மதுவின் 'வேன்' பக்கம் வருகிறது. 'நான்' என்பதைக் கொஞ்சம் தொண்டைப் பக்கம் தள்ளிச் சொன்னால் காற்றின் 'வான்'. மூன்று மூக்கொலியும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தக் காலத்தில் ரசம் என்ற சொல்லைக் காதால் கேட்டு 'ரஸ்ஸோன்' என்று எழுதினவர் யாரோ, நம்ம பேச்சுத் தமிழை நம்மைவிட நன்றாகக் கேட்டிருக்கிறார்.

இன்னொன்றும் இதே வழியில் தீர்ந்தது. நல்லது என்பதற்கு ஆண்பாலில் 'போன்', மூக்கில் முடியும். பெண்பாலில் 'பொன்', கடைசியில் நாக்கு தொட்டு முழு ன் கேட்கும். எப்போது ன் வரும் எப்போது வராது என்று தம்பிக்கு ஒரே குழப்பம். நான் என்று தனியாகச் சொன்னால் மூக்கொலி, 'நானும்' என்றால் ன் திரும்பி வந்துவிடுகிறது, பின்னால் உயிர் வந்தால் மறைந்த மெய் எழுந்து நிற்கிறது, அங்கேயும் அதே கணக்குதான் என்றேன். தம்பி மெல்லச் சிரித்தார்.

ஊதுகுழல்

தமிழ் உதவாத இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரம் ஆகிவிடும். இரண்டு யூரோ தப்பு அங்கேதான் பிறந்தது.

இ, எ சொல்லும்போது நமக்கு உதடு விரியும். உ, ஒ சொல்லும்போது குவியும். நாக்கு முன்னால் போனால் உதடு விரிய வேண்டும் என்று நம்ம வாய்க்கு ஒரு சட்டம். பிரெஞ்சில் நாக்கு முன்னால் இருக்கும்போதே உதட்டைக் குவிக்கிற ஒலிகள் தனியாக இருக்கின்றன. இரண்டு என்ற சொல்லில் நாக்கு எ-வில், உதடு ஒ-வில். தெரு, நீ என்ற சொற்களில் நாக்கு இ-யில், உதடு உ-வில். பன்னிரண்டில் மட்டும் சாதாரண ஊ.

தம்பிக்கு இது காதிலேயே விழவில்லை. 'மேலே' என்பதற்கும் 'கீழே' என்பதற்கும் பிரெஞ்சில் இந்த ஒரு உயிர்தான் வித்தியாசம், தட்டை மேல் தட்டில் வை என்றால் கீழே வைத்துவிட்டு நிற்பார். கடைசியில் அவருக்குப் புரிந்தது ஊதுகுழலில். ஊரில் விறகடுப்பு ஊதினவர். ஈ என்று நீட்டிக்கொண்டே இருங்க, நாக்கை அசைக்காமல் ஊதுகுழலை வாயில் வைக்கிற மாதிரி உதட்டை மட்டும் குவியுங்க என்றேன். வந்துவிட்டது. எ என்று நீட்டிக்கொண்டே அப்படிச் செய்தால் 'இரண்டு'. தினமும் வண்டியைக் கழுவும்போது ஐந்து நிமிஷம் ஈ, எ என்று ஊதிக்கொண்டிருந்திருக்கிறார், முதலாளிக்கு இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சந்தேகம். ஆனாலும் அவசரத்தில் பேசும்போது இன்றைக்கும் தெரு 'ரி' ஆகிவிடுகிறது. கூட வேலை செய்கிறவர்கள் பேசுகிற கிரயோலில், அதாவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த இந்தத் தீவின் மொழியில், தெரு 'ரி'தான் என்பதும் ஒரு காரணம்.

தொண்டையில் உரசுகிற ர-வைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், தம்பியும் கேட்டார். விட்டுத்தள்ளுங்க என்றேன். நம்ம ர போட்டால் யாருக்கும் புரியாமல் போகாது. அதில் செலவழிக்கிற நேரத்தை உயிரெழுத்தில் செலவழித்தால் பலன் உண்டு.

வண்டு எங்கே இருந்தது

வண்டு ரீங்காரம் மாதிரியான அந்த ஸ, இதில்தான் நான் ஏமாந்தேன். 'அவர்களிடம் இருக்கிறது' என்பதற்கும் 'அவர்கள் இருக்கிறார்கள்' என்பதற்கும் பிரெஞ்சில் அந்த ஸ அதிர்கிறதா இல்லையா என்பது ஒன்றே வித்தியாசம். தமிழில் அந்த ஒலி கிடையாது, ஆகவே தம்பிக்கு வராது என்று முடிவு கட்டி, தொண்டையில் விரலை வை, அதிர்கிறதா பார் என்று மூன்று வாரம் படுத்தினேன். சில நேரம் ஸ வரும், சில நேரம் ஜ வரும், அது மட்டும் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிப் பக்கம் போயிருந்தேன். உள்ளே இருந்து தம்பி, "ஸுரித் தீர்ந்துபோச்சு!" என்று கிரயோலில் கத்துகிறார். ஸுரித் என்றால் கணவாய் வகையைச் சேர்ந்த எட்டுக் கால் கடல் பிராணி, இங்கே அதில் கறி வைப்பார்கள். அந்த ஸ-வில் வண்டு அப்படியே பறந்தது! பீன்ஸுக்கு 'ஸரிக்கோ', பிரான்சிலிருந்து வந்த வெள்ளைக்காரருக்கு 'ஸொரேய்', எல்லாவற்றிலும் சுத்தமாக வருகிறது. காரணம் எளிது, அந்தச் சொற்களை அவர் எழுத்தில் பார்த்ததே இல்லை, கூட நின்றவர்கள் வாயிலிருந்து நேராகக் காதுக்குப் போனவை. புத்தகத்தில் பார்த்துப் படித்த சொற்களில்தான் வரவில்லை, ஏனென்றால் அங்கே கண்ணுக்குத் தெரிவது வெறும் ஸ. 'ஸுரித்தில் வர்ற ஸ-வை எடுத்து இங்கே வைங்க' என்றதும் வேலை முடிந்தது. மூன்று வாரம் வீணானதுக்கு நான்தான் பொறுப்பு.

ஆனால் கிரயோலுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிரெஞ்சில் 'பீன்ஸ்கள்' என்னும்போது 'லே அரிக்கோ' என்று இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும், அந்தச் சொல்லின் தொடக்கத்தில் இருக்கிற ஊமை எழுத்து முந்தின சொல்லோடு ஒட்ட விடாது. கிரயோலில் ஸ சொல்லோடே ஒட்டிப் பிறந்துவிட்டது. கிரயோல் உடைந்த பிரெஞ்சு இல்லை, தனி மொழி, அதற்கென்று இலக்கணம் உண்டு, நல்ல மொழி. தேர்வு அறையில் மட்டும் அந்த அலமாரியைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். 'எனக்குத் தெரியாது' என்பதற்குத் தம்பி சொல்லிக்கொண்டிருந்த 'மி கொனே பா' சுத்தமான கிரயோல் என்று ஒன்றரை வருஷமாக அவருக்குத் தெரியாது.

சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் கற்றுத்தர எனக்குப் புத்தகமே தேவைப்படவில்லை, கிழக்குக் கரைச் சாலை இருந்தது. தம்பி குடியிருக்கிற ஊர் 'சேந்தாந்த்ரே'. அங்கிருந்து தலைநகரத்துக்குப் பஸ்ஸில் போனால் வரிசையாக 'சேந்த் ஸுஸான்', 'சேந்த் மரி', கடைசியில் 'சேன் துனி'. எல்லாவற்றின் தொடக்கத்திலும் 'புனித' என்ற அதே சொல்தான். துனி ஆண், ஆகவே எழுத்தில் இருக்கிற த் ஊமை. மரியும் ஸுஸானும் பெண்கள், த் கேட்கும். ஆந்த்ரே ஆண்தான், ஆனாலும் உயிரெழுத்தில் தொடங்குகிறது, ஊமையாக இருந்த த் எழுந்து வந்து அந்த உயிரில் ஏறிக்கொள்கிறது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பே என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். தம்பி தினமும் போகிற வழியில் முக்கால் மணி நேரப் பாடம் பலகை பலகையாக நட்டு வைத்திருக்கிறது.

இலக்கணத்தில் கை கொடுத்த இடங்கள்

'நான் உனக்கு அதைக் கொடுக்கிறேன்' என்பதற்குப் பிரெஞ்சில் 'ஜெ தெ லெ தொன்'. ஜெ நான், தெ உனக்கு, லெ அதை, தொன் கொடுக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் தமிழ் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. தம்பி இதை ஆங்கில வரிசைக்கு மாற்றி, கொடுக்கிறேன் என்பதை முன்னால் இழுத்துப் போட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தார். தமிழில் நினைங்க, அப்படியே சொல்லுங்க என்றதும் நம்பவே மாட்டேன் என்றார். 'எனக்கு வேண்டும்' என்பதும் அப்படி: 'ஈல் மெ ஃபோ', நடுவில் இருக்கிற மெ-தான் எனக்கு. 'அது எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு 'ஸா மெ ப்ளே'. 'ரெண்டு வருஷமா இங்கே இருக்கேன்' என்னும்போது நாம் நிகழ்காலம் போடுகிறோம், பிரெஞ்சும் நிகழ்காலம்தான் போடும், ஆங்கிலம்தான் அங்கே வேறு காலத்துக்கு ஓடும்.

பசிக்கிறது என்று சொல்லத் தம்பி 'ஜெ ஸ்வி ஃபேன்' என்பார், அதாவது 'நான் பசியாக இருக்கிறேன்', வயதும் அப்படித்தான். இதற்கு நான் கொடுத்த கைவைத்தியம்: தமிழில் 'எனக்கு' என்று தொடங்கி 'இருக்கு' என்று முடிக்க முடிந்தால் 'ஜே', அதாவது 'என்னிடம் இருக்கு', போடுங்க. எனக்குப் பசி இருக்கு, காய்ச்சல் இருக்கு, பயம் இருக்கு, நேரம் இருக்கு, ஒரு பொண்ணு இருக்கா, எல்லாவற்றுக்கும் 'ஜே'. வயசுக்கும் அதையே போடுங்க. 'எனக்குத் தெரியும்' இதில் அடங்காது, அங்கே இருக்கு வராது பாருங்க. நூற்றுக்கு நூறு வேலை செய்கிற வைத்தியம் இல்லை, ஆனால் ஏ2 தாண்டப் போதும்.

இறந்த காலத்தில்தான் பெரிய கூத்து. சாப்பிட்டிருக்கேன் என்ற நினைப்பில் 'இரு'வைப் போட்டு 'ஜெ ஸ்வி மான்ஜே' என்று ஒருநாள் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். 'நான் தின்னப்பட்டேன்' என்று அர்த்தம். முதலாளி ரொம்ப நேரம் சிரித்தாராம். பிரெஞ்சில் பெரும்பாலான வினைகளுக்கு 'ஜே' துணை, போவது வருவது பிறப்பது சாவது விழுவது ஏறுவது இறங்குவது என்று ஒரு கைப்பிடி வினைகளுக்கு மட்டும் 'ஜெ ஸ்வி'. இந்தக் கைப்பிடியை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. ஆனால் அதற்குள் ஒரு மூலையில் தமிழ் மறுபடியும் வந்து நின்றது. ஏறுவதற்கும் ஏற்றுவதற்கும் பிரெஞ்சில் ஒரே வினைச்சொல். ஏறினேன் என்றால் 'ஜெ ஸ்வி', பெட்டிகளை ஏற்றினேன் என்றால் 'ஜே'. இறங்கினேன், இறக்கினேன், அதே கதை. வெளியே வந்தேன் என்றால் 'ஜெ ஸ்வி', அடுப்பிலிருந்து கோழியை வெளியே எடுத்தேன் என்றால் 'ஜே'. தன்வினை பிறவினை என்று சொன்னவுடன் தம்பி, "அக்கா, இது நமக்கு ஏழாங்கிளாஸ்ல வந்ததாச்சே" என்றார். பிரெஞ்சுப் பிள்ளைகள் இதற்குத் தனிப் பாடம் படிக்கிறார்கள்.

'பேசுகிறேன்' என்றாலே யார் பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடும், நான் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். தம்பி பிரெஞ்சிலும் 'நான்' இல்லாமல் வாக்கியத்தைத் தொடங்கிக்கொண்டிருந்தார். அங்கே நான் பேசினாலும் நீ பேசினாலும் அவர்கள் பேசினாலும் எழுத்தில்தான் விகுதி மாறும், காதுக்கு எல்லாம் 'பார்ல்' ஒன்றுதான். அவர்கள் என்பதற்கான நீண்ட விகுதியைத் தம்பி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார், அது முழு ஊமை. விகுதி வாய் திறக்காத மொழியில் எழுவாயை விட முடியுமா? இதைப் புரியவைக்க ஒரே வாக்கியம் போதுமாயிருந்தது.

நீ, நீங்கள் வித்தியாசம் நமக்குச் சுலபம் என்று நானும் நினைத்தேன். வினை வடிவங்கள் சுலபம்தான், பழக்கம்தான் வேறு. முதலாளி முதல் வாரமே தம்பியை நீ என்று கூப்பிட்டார். தம்பி ஒரு வருஷமாக அவரை நீங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், மூத்தவர், சம்பளம் கொடுக்கிறவர், வேறெப்படிச் சொல்வது? நம்ம ஊரில் ஒருவர் நீ என்பதும் மற்றவர் நீங்கள் என்பதும் இயல்பு. இங்கே கூட வேலை செய்கிறவர்கள் நீ என்றால் நாமும் நீ என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள், சொல்லாவிட்டால் தள்ளி நிற்கிறான் என்று நினைப்பார்கள். தம்பியைக் கடுகடுப்பானவர் என்றே முதலாளி நினைத்திருக்கிறார். முதல் தடவை நீ என்று சொன்ன அன்றைக்குத் தம்பிக்குக் கை நடுங்கியதாம்.

கத்திக்கு என்ன பால்

இதற்கு வைத்தியம் இல்லை. கத்தி ஆண், கரண்டி பெண், சோறு ஆண், எண்ணெய் பெண். நம்ம இலக்கணத்தில் ஆள் என்றால் பால் பார்ப்போம், பொருள் என்றால் அஃறிணை, தீர்ந்தது. 'புவால்' பெண்ணானால் வாணலி, அதே 'புவால்' ஆணானால் குளிர் காய்கிற கணப்பு. இதற்கு யாரைக் கேட்பது?

வீட்டில் உள்ள சாமான் மேல் எல்லாம் காகித நாடா ஒட்டச் சொன்னேன், ஒரு அல்லது ஓர் என்பதற்கு உரிய ஆண்பால் பெண்பால் சொல்லோடு சேர்த்துத்தான் எந்தப் பெயரையும் மனதில் போட வேண்டும். 'அந்த' என்பதற்கான சொல்லோடு படித்தால் உயிரெழுத்து வரும் இடங்களில் அது சுருங்கிப் பால் மறைந்துவிடும். ஸ்யோன் என்று முடிந்தால் பெரும்பாலும் பெண், மான் என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண் என்று சில முடிவுகள் துணை வரும். மற்றபடி தப்புச் சொன்னாலும் கரண்டி கரண்டிதான் என்று எல்லாருக்கும் புரியும், இதற்காகப் பேச்சை நிறுத்தி யோசித்துக்கொண்டிருப்பதுதான் பெரிய தப்பு என்பது என் கட்சி. தம்பியின் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை.

தேர்வு

டெல்ஃப் ஏ2-வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கும் தலா 25 மதிப்பெண், மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, எதிலும் 5-க்குக் குறையக்கூடாது. பேச்சுத் தேர்வு ஆறு முதல் எட்டு நிமிஷம்தான். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஒரு தலைப்பில் தனியாகப் பேச வேண்டும், பிறகு தேர்வாளரோடு கடையிலோ அலுவலகத்திலோ இருப்பது மாதிரி ஒரு உரையாடல். தம்பிக்கு வாய்த்தது சாப்பாடு வாங்குகிற உரையாடல். "அக்கா, அந்த அம்மா வாடிக்கையாளரா நடிச்சாங்க, நான் நடிக்கவே இல்லை" என்றார்.

பேச்சில் நன்றாகவே எடுத்தார். எழுத்தில் தட்டுத்தடுமாறித்தான் தாண்டினார், ஊமை எழுத்துகளைக் காதால் பழகினவருக்கு எழுதும்போது அவை நினைவுக்கு வரவில்லை. நோட்டை அலமாரியில் வைத்த என் பிடிவாதத்துக்கு இது விலை, அடுத்த தடவை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தால் நான்காம் மாதத்திலேயே எழுத்தையும் கையில் எடுத்துவிடுவேன். இப்போது பி1-க்கு ஆரம்பித்திருக்கிறோம், பழைய நோட்டையும் வெளியே எடுத்தாகிவிட்டது, அதில் இருக்கிற ஒவ்வொரு 'புவாஸோ'னுக்கும் பக்கத்தில் பிரெஞ்சு எழுத்தில் சரியான சொல்லைத் தானே எழுதிக்கொண்டு வருகிறார்.

போன மாதம் அந்தப் பாட்டி மறுபடி வந்திருக்கிறார். இரண்டு கோழிக்கறி பார்கெத். தம்பி உதட்டைக் குவித்து, ஊதுகுழலை நினைத்து, நாக்கை எங்கே வைப்பது என்று தயாராகி நின்றபோதுதான் பலகையைப் பார்த்தாராம், முதலாளி விலையை ஏழாக ஏற்றியிருக்கிறார். பதினாலுக்கு 'கத்தோர்ஸ்' என்று சொல்லிவிட்டுக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டார். கடைசி ஸ-வில் வண்டு பறந்ததா என்று நான் கேட்டேன். பறந்ததாம்.